இரண்டு தீவுக்கு நடுவே

“அந்த ரெண்டு தீவுக்கும் நடுவுல போ தம்பி. மீன் கொட்டிக் கெடக்கு!”

சொன்னவள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, உறைந்த ஏரியில் போட்ட துளைக்குள் தூண்டிலை விட்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். வெர்னா என்று பெயரைச் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மீன் இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டாள்.

எதிரே நின்ற ரெய்னோவுக்குப் பொறி தட்டியது. அவன் ஊர் ஏரியில் கூடப்பிறந்த அண்ணனே இடம் சொல்லமாட்டான். கேட்டால் கிழக்கே கையைக் காட்டிவிட்டு மேற்கே போவான். முன்பின் தெரியாதவனுக்கு இவள் ஏன் வாரி வழங்க வேண்டும்?

“அப்ப நீங்க ஏன்க்கா அங்க போகல?”

“முட்டிவலி தம்பி. அவ்வளவு தூரம் நடக்க முடியாது.”

அவள் முதுகுக்குப் பின்னாலேயே பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஒன்று சாவியோடு நின்றிருந்தது.

“சரிதான்” என்று ரெய்னோ அவளிடமிருந்து பத்தடி தள்ளிப் பனிக்கட்டியில் தன் துளைப்பானை இறக்கினான். அது கைப்பிடி வரைக்கும் இறங்கிய பிறகுதான் தண்ணீர் எட்டியது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இன்று அவனுக்கு மீன் வேண்டும். அம்மாவை இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள் ஆகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தொண்டையில் எதுவுமே இறங்கவில்லை. “சாப்பிட்டாத்தான் தேறுவாங்க” என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், மொயாக்கா. டிரவுட் மீனின் தலையைப் போட்டு, உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் சூப். கடையில் கிடைத்ததோ தலையில்லாத சால்மன் துண்டு. அதில் செய்து கொடுத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா இப்படியே போய்விடுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

இதையெல்லாம் வெர்னாவிடம் சொன்னான். சொன்னால் மனசு இளகும் என்று நினைத்தான்.

“ஐயோ பாவம்! அப்புறம் ஏன் இங்க உக்காந்து நேரத்த வீணாக்குற? எழுந்து அங்க போ. போன வாரம் ஒருத்தர் இருபது பவுண்டு மீனத் தூக்கிட்டு வந்தாரு.”

“நீங்க பாத்தீங்களா?”

“என் ரெண்டு கண்ணால பாத்தேன். இருபது என்ன, முப்பதே இருக்கும்.”

நோயாளி அம்மாவுக்கு என்று சொல்லியும் இப்படிக் கூசாமல் புளுகுகிறாளே என்று அவனுக்கு வயிறெரிந்தது.

பன்னிரண்டு மணி ஆனது. ஒன்று ஆனது. எழுபதடி ஆழத்தில் கிடந்த தூண்டிலை ஆட்டி ஆட்டிக் கை மரத்துப்போனது. அவளுக்கும் ஒன்றும் சிக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

ரெய்னோவுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை உண்மையைத்தான் சொல்கிறாளோ? தூரத்தில் இரண்டு தீவுகளுக்கும் நடுவே பனி வெள்ளை வெளேரென்று சமமாகக் கிடந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை. அவன் துளைப்பானை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வெர்னா அவனுக்கு முன்னால் எழுந்துவிட்டாள். முட்டிவலியைக் காணோம்.

“கெளம்பிட்டியா? போ போ! குடு, அத நான் பிடிச்சுக்கறேன், நீ தூண்டில எடு. சீக்கிரம் போப்பா!”

இப்படி விரட்டுகிறாள் என்றால் மீன் என் காலடியில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டான் ரெய்னோ.

“இல்லக்கா, நான் இங்கயே இருக்கேன்.”

“உன் தலையெழுத்து” என்று அவள் மறுபடி வாளியில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டரை மணிக்குத் தூண்டில்கோல் வளைந்தது. பத்து நிமிடம் இழுபறி. துளை வழியாகத் தலையை நீட்டியது டிரவுட். பத்து பவுண்டுக்குக் குறையாது. தலையே ஒரு பானைக்குக் காணும். அதைப் பனியில் இழுத்துப் போட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூட்டை கட்டிக்கொண்டு மீனைக் கையில் எடுத்தவனுக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை.

“தப்பா நினைக்காதீங்கக்கா. நான் அஞ்சு வயசுலேர்ந்து தூண்டில் பிடிக்கிறவன். என்கிட்ட உங்க பருப்பு வேகல.”

“வேகக்கூடாதுன்னுதானே தம்பி அப்படிச் சொன்னேன்” என்றாள் வெர்னா.

“என்னது?”

“அந்தத் தீவுக்கு நடுவுல அடியில வேகமான நீரோட்டம். எவ்வளவு குளிர்னாலும் பனிக்கட்டி ரெண்டு விரல் கனம் தாண்டாது. மேல பனி மூடிக்கிறதால வெளியில தெரியாது. ‘போகாதீங்க’ன்னு பலகை வெச்சோம். மீன ஒளிச்சு வெக்கிறோம்னு நெனச்சுக்கிட்டு வெளியூர்க்காரங்க நேரா அங்கதான் போனாங்க. ரெண்டு வருஷத்துல மூணு பேர் உள்ள மூழ்கிட்டாங்க. அப்புறம்தான் பலகையப் பிடுங்கிட்டு நானே வந்து உக்கார ஆரம்பிச்சேன்.”

ரெய்னோவின் கையிலிருந்த மீன் நழுவிப் பனியில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் அம்மாவை நினைத்தபடி அவன் தீவுகளின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நான்... நான் உங்கள நம்பி அங்க போயிருந்தா?”

“நம்பிப் போறவன் கூப்பிட்டாத் திரும்பிருவான் தம்பி” என்றாள் வெர்னா. “பலகைய நம்பாமப் போன அந்த மூணு பேரையும் கரையிலேர்ந்து தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல.”