டிக்கியில் இருக்கும் சிலிண்டர்

அன்று மழை பெய்ததா, எனக்குக் கேட்டது பெட்ரோல் சொட்டும் சத்தம் மட்டும்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஷெட்டுக்குள் சாயங்கால வெளிச்சம் மங்கலாக விழுகிறது. அத்தான் ஆண்டுக்கணக்காகப் பழுதுபார்த்துவரும் பழைய காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். டேங்கில் விரிசல். அதில் அவர் அப்பிய குளியல் சோப்பு ஒரு பக்கம் பிதுங்கி நிற்க, மறுபக்கம் பெட்ரோல் கசிந்து எவர்சில்வர் கிண்ணத்தில் விழுகிறது. சோப்பின் மல்லிகை மணமும் பெட்ரோல் நெடியும் சேர்ந்து தொண்டையைக் கரிக்கின்றன. அக்கா பாதி குளித்த கோலத்தில், தலையில் துண்டோடு வந்து நிற்கிறாள்.

“என் சோப்பு எங்க?”

“கொஞ்சம் பொறும்மா. ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடறேன்.”

“ஒரு பொறி பட்டா வீடே போயிடும். தீயணைக்கிற சிலிண்டர் வாங்குனீங்களே, அது எங்க?”

“பத்திரமா இருக்கு. டிக்கியில.”

“எந்த டிக்கியில?”

அத்தான் மெல்ல ஊர்ந்து வெளியே வருகிறார். பூட்டு துருவேறி, எவ்வளவு இழுத்தாலும் திறக்காத அந்தக் காரின் டிக்கியை மூவரும் பார்க்கிறோம். கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுகிறது. இன்னொன்றும் விழுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குழந்தை தூங்குகிறது. அக்கா காரில் தொங்கும் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

“வெளிய தள்ளுங்க. நீயும்தான்டா, மரம் மாதிரி நிக்காத!”

தள்ளுகிறோம்.

பிறகு டேங்கை மாற்றினார்கள், கார் ஓடியது. அந்தக் குழந்தைதான் இப்போது அதை ஓட்டுகிறாள். அத்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குறை சொல்கிறார். சிலிண்டர் ஷெட் வாசலில் தொங்குகிறது. அக்கா சோப்பை இன்றும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள்.