நாயகி ஓட்டிய சைக்கிள்

மூன்று சைக்கிள்களையும் தியேட்டர் வாசலில் வரிசையாக நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். மூன்று மாப்பிள்ளைகள், ஒரே பெண்.

பதினாறு வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் எடுத்த படம் மறுபடி வருகிறது. அதில் கதாநாயகி குளக்கரையில் ஓட்டிப் போன சைக்கிள் தன்னுடையதுதான் என்று மூன்று பேர் கிளம்பியிருந்தார்கள். உண்மையானது எதுவோ, அது நாளை நாயனத்தோடு நான்கு ராஜவீதியும் சுற்றி வரும்.

காஞ்சிபுரத்தில் சாமிகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது போலிருக்கிறது.

தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். காரணம், நான் சினிமாவே பார்த்ததில்லை. தியேட்டர் பக்கம் போக நேர்ந்தால்கூடத் தலையைத் திருப்புவதில்லை. ஆகவே எனக்குக் கட்சி கிடையாதாம். பட்டைத் தொட்டே பார்க்காதவனிடம் பட்டுக்கு மதிப்புக் கேட்கிற ஏற்பாடு.

ஆனாலும் வந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் கலியாணசுந்தர முதலியார் வீட்டுச் சொல்லுக்கு மறுசொல் இல்லை. நான்கு தலைமுறையாகப் பட்டு அல்லாததைப் பட்டு என்று நாங்கள் சொன்னதில்லை. தகப்பனார் இறந்தாலொழிய எங்கள் வீட்டு ஆண்கள் மீசை எடுப்பதும் இல்லை.

அதோடு, கூட்டத்தின் முன்வரிசையில் ராஜகோபால் முதலியார் நின்றிருந்தார். அவர் மகனுக்கு என் பெண்ணைக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எங்கள் வீட்டு மானத்தை நிறுத்துப் பார்க்கத்தான் வந்திருந்தார். இன்று என் பெயரில் ஓர் இழை அறுந்தால் தட்டு வராது.

முதல் சைக்கிள் பரசுராமனுடையது. கிளிப்பச்சை. படத்தில் இதே பச்சைதான் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்.

படம் கறுப்பு வெள்ளையாமே என்றேன். தொட்டுப் பார்த்த விரலில் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது சீனிவாசனுடையது. ஆண்கள் ஓட்டும் வண்டி, நடுவே குறுக்குக் கம்பி. புடவை கட்டிய பெண் இதில் எப்படி ஏறினாள் என்று கேட்டேன்.

“அவங்க ஹீரோயினுங்க முதலியாரே. எப்டி வேணா ஏறுவாங்க.”

மூன்றாவது, வாடகை சைக்கிள் கடை பழனியுடையது. லேடீஸ் சைக்கிள். துருவைத் தவிர வேறு அலங்காரம் இல்லை. படப்பிடிப்பு முடிந்த அன்றே அவன் அப்பா அதைப் பரணில் ஏற்றிவிட்டாராம். பழனி சத்தியம் செய்யவில்லை. மூவரில் அவன் ஒருவனுக்குத்தான் அந்த அடக்கம் இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். நேராகப் பின் பல்சக்கரத்தைத்தான் பார்த்தேன். கிரீஸ் அப்பி, இரண்டு விரல் அகலத்தில் ஏதோ சுற்றிக் கிடந்தது. நெம்பி எடுத்து மண்ணெண்ணெயில் அலசச் சொன்னேன்.

சரிகை மின்னியது. பதினாறு வருடம் கிரீஸில் ஊறியும் உடலும் கரையும் சேருகிற கோர்வை பிரியவில்லை. புடவை கிழியும், எங்கள் கோர்வை பிரியாது.

அந்தப் படத்துக்கு இரவல் போன புடவை எங்கள் தறியுடையது என்பது ஊருக்கே தெரியும்.

“இதாம்பா,” என்றேன். “கொளக்கரைத் திருப்பத்துல முந்தானி சங்கிலில மாட்டிக்கினு கிழிஞ்சுது.”

கைதட்டல். ராஜகோபால் முதலியார் தலையை அசைத்தார். அந்தத் தலை லேசில் அசையாது.

பழனி அத்தோடு வாயை மூடியிருக்கலாம். வெற்றி பெற்றவனுக்கு அது எப்படி முடியும்?

“படத்துல கிழியற சீனே இல்லீங்களேய்யா! ஆனா எங்கப்பா சொல்லிக்கினே இருப்பாரு. அந்தம்மாவுக்கு சைக்கிளே வராதாம். எவனோ ஒரு ஆம்பள மீசைய எடுத்துட்டு, பொடவை கட்டிக்கினு ஓட்டினானாம். தறி மிதிக்கிற மாதிரியே பெடலை மிதிச்சானாம்.”

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ராஜகோபால் முதலியார்.

“எந்த மானங்கெட்ட குடும்பமோ! நீங்க இன்னா சொல்றீங்க சம்பந்தி?”

சம்பந்தி என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நல்ல பட்டை கண்டவன் ஒடம்புல பாக்க மனசு வராதவனா இருந்திருப்பான்,” என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு.

எனக்குத் தகப்பனார் ஒருவர்தான். மீசை எடுத்தது இரண்டு தடவை.