காஞ்சன்பாக் பஸ்ஸில் ஒரு பை

காஞ்சன்பாக் போகும் காலை பஸ்ஸில் பெண்கள் பக்கம் நிற்கவும் இடமில்லை. கம்பியைப் பிடித்து நிற்கும் கல்பகம், பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் அடையாள அட்டையைப் புடவைத் தலைப்புக்குள் தள்ளிக்கொள்கிறாள். எதிர் சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஜன்னல் வெயிலில் அவள் கை ரோமம் பொன்னாக மின்னுகிறது. "எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். வெளிநாட்டுக்காரர் இப்படிப் பேச்சுக் கொடுத்தால் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். "வேலையெல்லாம் இல்லை. வீட்டில்தான்," என்கிறாள் கல்பகம். அந்தப் பெண்ணின் பார்வை, டிபன் பாக்ஸ் துருத்தும் கைப்பைக்குப் போய்த் திரும்புகிறது. எதையோ குறித்துக்கொண்டவள் போலச் சிரிக்கிறாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். "கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். நேற்று நான் நின்றபோது என் பையை ஒரு அம்மா மடியில் வைத்துக்கொண்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை." பக்கத்தில் நிற்கும் பர்தாக்காரம்மா கல்பகத்தின் தோளை இடிக்கிறாள். "தேதேவ் அம்மா, கைக்கு டர்ரே?" கொடுத்துவிடு, எதற்குப் பயம் என்கிறாள் உருதுவில். பை மடிக்குப் போகிறது. அதை இறுக அணைத்துக்கொண்டு அந்தப் பெண் வெளியே பார்க்கிறாள். கல்பகம் அவள் விரல்களைப் பார்க்கிறாள். ஆய்வக வாசலில் பஸ் நிற்கிறது. வீட்டில்தான் என்று சொன்னவள் இங்கே எப்படி இறங்குவது? கண்டக்டர் "ரைட், ரைட்" என்கிறார். கல்பகம் பையைக் கேட்கவே இல்லை.