ஏரியில் கட்டிய கண்ணாடி

கயிற்றை இழுத்துக் கண்ணாடிச் சில்லுகளை வெளியே எடுத்தேன். ஆறு சில்லுகளும் பளிச்சென்று இருந்தன.

பதினைந்து நாள் கூக்கால் ஏரித் தண்ணீருக்குள் கிடந்த கண்ணாடி இப்படி இருக்கவே கூடாது. விரல் வைத்தால் வழுக்க வேண்டும். பாக்டீரியாக்கள் கூட்டமாய் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய படலம் கட்டியிருக்க வேண்டும். அது எப்போது, எவ்வளவு பிடிக்கிறது என்று ஒளியை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி.

இது ஐந்தாவது முறை. முந்தைய நான்கு முறையும் ஒன்றுமில்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் அந்த ஏரியை விட்டுவிடு என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

விடுவதற்கா இதைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன்?

கொடைக்கானலில் என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்திலேயே ஓர் ஏரி இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ஜீப்பில் இரண்டு மணி நேரம் குலுங்கி இங்கே வருவதற்கு ஒரே காரணம், கரையை ஒட்டிய பூண்டுத் தோட்டத்தில் குனிந்து நிற்கும் அந்த மனிதர்.

என் அப்பா.

நான் பாசித்தைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான்கு வருஷம். வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றார். ஏரிக்கரை அவர் வீட்டு வாசல் இல்லையே! மாதம் இரண்டு முறை வந்து, அவர் வரப்பிலிருந்து இருபதடி தள்ளி உட்கார்ந்து, வேலை பார்க்கிற சாக்கில் அவரைப் பார்த்துவிட்டுப் போகிறேன். போன தடவையைவிட இளைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் 'அப்பா' என்று கூப்பிட நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

ஒரு சில்லைக் கருவியில் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினேன். பாக்டீரியா இருந்தால் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு வேறு ஒளியாகத் திருப்பி அனுப்பும். திரையில் ஓடும் கோடு ஓரிடத்தில் மேடாக எழும்.

எழவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி, நீலத்தில் ஒரு குட்டி மேடு.

அது எனக்குத் தெரிந்த மேடுதான். துணி வெள்ளையாகத் தெரிவதற்காகச் சலவைத்தூளில் கலக்கிற பொருள் காட்டுகிற மேடு.

யாராவது ஏரியில் துணி துவைத்திருப்பார்களோ என்று தண்ணீரைத் தனியாக மொண்டு அளந்தேன். தண்ணீரில் இல்லை. கண்ணாடியில் மட்டும்தான். யாரோ சில்லுகளைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். இத்தனை நாளும் நன்றாக அலசியிருக்க வேண்டும். இன்று காலையில் ஏதோ அவசரம்.

அப்போதுதான் கயிற்றைக் கவனித்தேன். முடிச்சு நான் போட்டது இல்லை. கேரட் மூட்டைக்கு அப்பா போடுகிற முடிச்சு. சின்ன வயதில் அவிழ்க்கத் தெரியாமல் அதைப் பல்லால் கடித்து அவரிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச வேண்டாம், சரி. பார்க்க வேண்டாம், அதுவும் சரி. என் பிழைப்பில் மண்ணைப் போடுவதா?

எங்கள் பக்கத்தில் பேச்சு அற்றுப்போனவர்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஓர் ஆளை நிறுத்தி அவரிடம் சொல்வார்கள். ஆள் அகப்படாவிட்டால் மாட்டிடம் சொல்வதும் உண்டு. எனக்கு அகப்பட்டவர் ஜீப் டிரைவர் செல்வமுருகன் அண்ணன். பாவம், கடலை தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, யாரோ கண்ணாடியச் சோப்புப் போட்டுக் கழுவி வச்சிருக்காங்க. நான் வர்றது பிடிக்கலைன்னா அதுக்கு இப்படியா? பாசியே பிடிக்காத ஏரிக்கு என்னை யாரு அனுப்புவா? இன்னையோட இங்க என் சோலி முடிஞ்சதுன்னு சொல்லுங்க" என்றேன், தோட்டம்வரை கேட்கும்படி.

அப்பா நிமிர்ந்தார். மண் உதிராத பூண்டுக் கொத்து கையில் அப்படியே இருக்க, வரப்பைத் தாண்டி நேராகச் செல்வமுருகன் அண்ணனிடம் வந்தார்.

"ஏப்பா டிரைவரு, பாசி பிடிச்சாலும் போயிருவாங்க, பிடிக்காட்டியும் போயிருவாங்களான்னு மேடத்துட்ட கேளுப்பா."

செல்வமுருகன் அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

எனக்குப் புரிந்தது. முதல் நாள், ஏரியில் கண்ணாடி கட்ட ஊர்க்காரர்கள் தயங்கியபோது, நான்தான் எல்லோருக்கும் முன்னால் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்: பாசி மாதிரி ஒன்று பிடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம், அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டோம் என்று. கூட்டத்துக்குப் பின்னால் அப்பாவும் நின்றிருந்தார்.

அது பிடித்துவிடக் கூடாது என்றுதான் ஐந்து முறை, நான் வருகிற நாளாகப் பார்த்து, வெள்ளனே எழுந்து இந்தக் குளிர் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கழுவாம விட்டாத்தான் வர முடியும்னு சொல்லுங்கண்ணே. ஒரு தடவ பிடிச்சாப் பத்தாது. இருபத்து நாலு தடவ பிடிக்கணும். வருஷம் பூரா வரணும்."

"இருபத்து நாலா" என்று அப்பா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆய்வுத் திட்டத்தில் மூன்று தடவை என்றுதான் இருக்கிறது.