தவறான ஆலோசனை

பள்ளியின் படிப்பு ஆலோசகர் கடைசி வருட மாணவி ஒருத்தியைத் தன் அறைக்கு வரச்சொல்லியிருந்தார். பள்ளிப் படிப்பின் முடிவில் தரும் உயர்நிலை டிப்ளமோ சான்றிதழைப் பெற அயல்மொழியை மூன்று வருடம் படித்திருக்க வேண்டும். இரண்டு வருடம் போதும் என்று அவர் தவறாகச் சொல்லிவிட்டார். கேட்ட மற்றவர்கள் கீழ்வகுப்புகளில் இருந்ததால் தப்பித்தார்கள். கடைசி வருடத்தில் இருந்த இவள் ஒருத்திதான் மாட்டிக்கொண்டாள்.

எதிரே வந்து உட்கார்ந்த மாணவியை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.

"தப்பு என்னோடதும்மா. இந்த வருஷம் மொழி வகுப்பு வேண்டாம்னு நான்தான் சொன்னேன். இப்ப உனக்கு அந்த டிப்ளமோ கிடைக்காது. தலைமையாசிரியர்கிட்ட நானே போய் ஒத்துக்கறேன்."

"அவசரப்படாதீங்க மேடம். நான் ஆரம்பத்துலேர்ந்தே அந்த வகுப்புக்குப் போயிட்டுதான் இருக்கேன். உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

ஆலோசகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அவ்வளவு தூரம் வேண்டாம்னு சொல்லியும் ஏன் சேர்ந்த?"

மாணவி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வீட்டுல நீ வேண்டாம்னு சொன்ன எதை நான் செய்யாம விட்டிருக்கேன், அம்மா?"