லிப்ட்: ஆம்

முந்நூற்று இருபத்தைந்து வரிகள் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

தினகரன் அந்தச் சிவப்பு வரியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கான செயலியைச் செய்துகொடுத்தது தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் அவன் அலுவலகம்தான். அட்டையைக் காட்டினால் கேட் திறக்கும், லிப்ட் திறக்கும். யாருக்கு எது திறக்கும் என்பது இத்தனை நாள் தரவுத்தளத்துக்குள் கிடந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைத் தன் கைபேசியிலேயே பார்க்க விரும்பினார். அதற்காகத் தினகரன் ஓர் ஏபிஐ எழுதினான்.

ஏபிஐ என்பது ரயில் நிலையத்து விசாரணை ஜன்னல் மாதிரி. அட்டை எண்ணைச் சொன்னால் பதில் வரும். கேட் ஆம், நீச்சல்குளம் இல்லை, லிப்ட் இல்லை. கேட்டதை மட்டும் சொல்லும். அனுமதியைக் கொடுத்தது யார் என்று சொல்லாது. அவன் அப்படித்தான் எழுதியிருந்தான்.

சோதனை அதைவிட எளிது. இயந்திரமே ஜன்னலில் போய்க் கேட்கும். வரவேண்டிய பதில் வந்தால் பச்சை, மாறி வந்தால் சிவப்பு. வீட்டுவேலை செய்பவருக்கு லிப்ட் 'இல்லை' என்று வந்தால் பச்சை. அங்கே கதவு திறக்காமல் இருப்பதுதான் தேர்ச்சி.

வேலையாட்களுக்குத் தனி லிப்ட் உண்டு. இரண்டு மாதமாகப் பழுது. அதற்குச் சோதனை கிடையாது.

வழக்கமாக மாதிரிக்கு ஐந்து அட்டைகளை வைத்துத்தான் ஓட்டுவார்கள். இன்று டீம் லீட் சின்மயி எல்லா அட்டைகளையும் ஓட்டச் சொல்லிவிட்டாள்.

அவளே எட்டி அந்த வரியைத் திறந்தாள்.

"கார்டு நம்பர் 318, சமையல் வேலை, எட்டாவது மாடி. லிப்ட் ஆம்னு வருதே தினா! அந்தம்மா மட்டும் ஓனர் மாதிரி ஜம்முனு போய்ட்டு இருக்காங்க. நாலு மணிக்கு செக்ரட்டரி சார் இதைப் பார்த்தா கான்ட்ராக்டையே கிழிச்சிடுவார். யார் கொடுத்தாங்கன்னு உள்ள போய்த் தேடட்டுமா?"

"வேணாம், பழைய டேட்டா. நானே சரி பண்ணிடறேன்."

மூன்று வாரப் பழசு.

'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கினான். மறுபடி ஓட்டினான். முந்நூற்று இருபத்தாறும் பச்சை. சின்மயி "சூப்பர்" என்று சொல்லிவிட்டு மீட்டிங் அறைக்குப் போனாள்.

செயலாளருக்குப் பதினொரு நிமிடம் போதுமானதாக இருந்தது. பத்துப் பதினைந்து எண்களை அவரே போட்டுப் பார்த்தார். "வெரி நீட்" என்றார்.

நாலரைக்குக் கைபேசி அடித்தது. எடுத்ததும் சிறிது நேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"இன்னாடா தினா, கார்டு காட்னா லிப்ட்டு தொறக்க மாட்டேங்குது. ஆபரேசன் பண்ண முட்டிய வெச்சிகினு நாலு மாடி ஏறி, படியில குந்திகினு கீறேன். உங்க ஆபீஸ்ல எவனோ பேஜார் பண்ணி வெச்சிக்கிறான். யாருன்னு பாத்து நாக்க புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்த கேளு."

"கேக்கறேம்மா" என்றான்.