இடது காதில் அவள் குரல்

அக்டோபர் 9, வியாழன். நேற்று ஒரு சின்னத் தவறு. கேபிளை மாற்றிச் செருகிவிட்டேன்.

பயிற்சி நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்தாள். 'சின்ன' என்பதை மட்டும் அடித்தாள்.

அவள் படிக்கும் செவியியல் மாலை வகுப்பின் ஒலிப் பரிசோதனை அறையில், எதிரே பயிற்சிக்கு உதவ வந்த லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது காது பிறவியிலிருந்தே நன்றாகக் கேட்கும். இடது காது காய்ச்சலில் போய், இரண்டு வருஷமாக ஆபரேஷன் செய்து உள்ளே பொருத்திய காக்ளியர் கருவியால் கேட்கிறது.

பயிற்சி இதுதான். ஒரு குரல் முதலில் கருவிக்குப் போகும். பிறகு அதே குரல் நல்ல காதுக்கு. இடதில் கேட்டது போலவே வலதிலும் கேட்கும்வரை அவர் திரையில் உள்ள, வலது காதுக்கான ஒலியை மாற்றும் ஐந்து ஸ்லைடர்களை நகர்த்த வேண்டும். கருவி தரும் ஒலி எப்படி இருக்கும் என்பதை அப்போது மற்றவர்களும் கேட்கலாம்.

வகுப்பில் கொடுத்த வாக்கியத்தை விட்டுவிட்டு அவள் தன் குரலையே பதிவுசெய்திருந்தாள். 'வா கண்ணு, அம்மாகிட்ட வா.'

இரண்டு காதும் கேட்காத அவளுடைய பதினோரு மாதப் பாப்பாவுக்கு நாளை அதே கருவியைப் பொருத்துகிறார்கள்.

நேற்று அவர் ஒரு ஸ்லைடரையும் தொடவில்லை. அச்சு அசல் அதே குரல் என்றார். அவள் துள்ளிக் குதிக்காத குறை. வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட ஒரு மாதமாகத் தயங்கியவன், "அப்ப சரி" என்றான்.

இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. இரண்டு குரலும் நல்ல காதுக்கே போயிருக்கின்றன.

"மறுபடியும் பரீட்சையா தங்கச்சி? நேத்துதான் நூத்துக்கு நூறு வாங்கினேனே!"

தவறைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியும். ரெண்டும் வலதுலதான் கேட்டுச்சு. பாப்பாவைப் பத்தி வேற சொல்லியிருந்தே. உன் மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?"

அவள் கேபிளைச் சரியான இடத்தில் செருகினாள். இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை இழுத்தும் பார்த்தாள்.

இந்தத் தடவை ஐந்து ஸ்லைடர்களும் நகர்ந்தன. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் அவள் குரல். கொஞ்சம் மங்கல். பரவாயில்லை.

அந்தப் பரவாயில்லைதான் உதைத்தது.

"அண்ணா, எனக்காக இதையும் நல்லாக் கேக்கற மாதிரி வெச்சீங்களா?"

அவர் ஹெட்போனைத் திரும்ப வாங்கிக் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது ஸ்லைடரை அரை விரற்கடை தள்ளினார்.

இப்போது சளி பிடித்த யாரோ தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்சலெல்லாம் எங்கோ போயிருந்தது. சொற்கள் மட்டும் ஒன்றுவிடாமல் இருந்தன.

"இதுலதான் தங்கச்சி, வீட்டுக்காரி திட்டறதையெல்லாம் முழுசா வாங்கிக்கறேன்."

ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இன்னொரு காது இருக்கிறது. பாப்பாவுக்கு இல்லை. அது ஆறுதலா பயமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் குரலைப் பதிவுசெய்து பதினோரு முறை போட்டுக் கேட்டாள்.

பிறகு நோட்டைத் திறந்தாள்.

நாளை: விடிகாலை நான்கு மணிக்குமேல் பாப்பாவுக்குப் பால் கூடாது. எட்டு மணிக்குக் கையெழுத்து. அதற்கு முன் பாப்பாவின் அப்பாவுக்குப் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டும். மூன்றாவது ஸ்லைடரைத் தள்ளிய பிறகு எடுத்ததை.